சூப் மேசையின் நேரக்காப்பாளருக்கு

எங்கே போவதென்றாலும் பத்து நிமிடம் முந்திப் போய் நிற்கிற என் அன்பு அப்பாவுக்கு,

பலகையைத் திரும்ப வைத்துவிட்டார்கள். வேறு எதையும் விட இதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சுப்பர்மார்க்கெட் வாசலில், பனிக்குப் போடுகிற உப்பு மூட்டைகள் அடுக்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், அதே பலகை. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குளிர்கால மதியச் சாப்பாடு. திங்கள் தொடக்கம் வியாழன் வரை, பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி மட்டும். சூப், ஒரு தட்டுச் சாப்பாடு, பாண், தேநீரோ கோப்பியோ. விலை கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனாலும் வெளியில் ஒரு சாண்ட்விச் வாங்குகிற காசுக்கு இங்கே வயிறு நிறையும்.

தள்ளுவண்டியோடு நின்று அதை இரண்டு தரம் வாசித்தேன். பின்னால் நின்றவர் பிரெஞ்சில் "பார்தோன்" என்று சொல்லி என்னைச் சுற்றிக்கொண்டு போனார். மனதில் ஒன்றும் வரவில்லை. பால் வாங்கப் போனவள் பால் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது அப்பா. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சவச்சாலையிலும் வரவில்லை, கல்லறையிலும் வரவில்லை. "பெட்டியை மூடேக்கையும் மரம் மாதிரி நிண்டவள்" என்று கோயிலில் கதைத்தார்களாம். கதைக்கட்டும். மரத்துக்கு என்ன, பனியில் பேசாமல் நிற்கிறதுதானே.

உங்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று: லவாலுக்கு மெற்றோ ரயில் திறந்துவிட்டார்கள். ஆற்றுக்கு அடியால் போகிறது. முதல் நாளே ஏறி, கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இரண்டு மாதத்தால் தவறவிட்டீர்கள். இவர் இப்போது அதில்தான் லவாலில் உள்ள தொழிற்சாலைக்குப் போய் வருகிறார். நான் இன்னும் ஏறவில்லை.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஒருதரம் முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். எங்கே பிழைத்தது என்று எனக்கு விளங்க வேண்டும்.

அம்மா போன பிறகு உங்களை மன்னாரிலிருந்து இங்கே கூப்பிட்டோம். அப்போதுதான் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியிருந்தோம். நான் விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டு கோட்-டெ-நெய்ஜுக்கு, முதியோர் இல்லத்து வேலைக்கு. இவர் அதற்கும் முந்தி. பிள்ளைகள் ஏழரைக்குப் பள்ளிக்கூடம். பிறகு பின்னேரம் வரைக்கும் அந்த வீட்டில் நீங்களும் ஹீற்றரின் சத்தமும். சூடான வீடு, தமிழ் ரிவி, குளிர்பெட்டி நிறையச் சாப்பாடு. இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் வருடக் குளிரில் ஒருநாள் நான் வேலையால் வர, கதவடியிலேயே நின்றீர்கள்.

"பிள்ளை, இண்டைக்கு நான் வெளியில சாப்பிட்டனான்."

"எங்க அப்பா?"

"சுப்பர்மார்க்கெற்றுக்குள்ள. மேசை, கதிரை எல்லாம் இருக்கு. என்ர வயசுக்காரருக்கெண்டு தனிச் சாப்பாடு. சூப்பில உப்புக் காணாது. மற்றும்படி குறையில்லை."

பெரிய ஹோட்டலில் விருந்துக்குப் போய் வந்தவர் மாதிரி இருந்தது உங்கள் முகம். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வைத்துவிட்டுப் போன மீன்குழம்பு தொடாமல் கிடந்ததையும் பார்த்தேன். அது கொஞ்சம் சுட்டது.

அதற்குப் பிறகு கிழமைக்கு நாலு நாளும் போனீர்கள். மன்னார் பஸ் டிப்போவில் முப்பது வருடம் நேரக்காப்பாளராக நின்றவருக்கு வேலை திரும்பக் கிடைத்த மாதிரித்தான். விடியவே சேர்ட்டை அயன் பண்ணுவீர்கள், கழுத்துப்பட்டி கட்டுவீர்கள், அதற்கு மேல் நான் வாங்கித் தந்த கறுத்தக் கோட். சட்டைப் பையில் ஒரு கொப்பி, ஒரு பேனை, கோட் பையில் கடதாசியில் மடித்த மிளகாய்த்தூள் சரை ஒன்று. பட்டாணி சூப்புக்கு அது இல்லாமல் சரிவராது உங்களுக்கு. பின்னேரத்தில் எனக்கு அறிக்கை வரும்: "அறுபத்தெட்டாம் நம்பர்க்காரன் இண்டைக்கு ஏழு நிமிசம் பிந்தி. எங்கட டிப்போ எண்டால் கடிதம் குடுத்திருப்பன்." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கொப்பியில் என்ன எழுதுகிறீர்கள் என்று ஒருநாளும் நான் திறந்து பார்த்ததில்லை. பழக்க தோசம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் குளிரில், தைமாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பூசை முடிந்து கோயில் வாசலில் சப்பாத்துக்கு மேல் பனிச் சப்பாத்து மாட்டிக்கொண்டு நிற்க, றீற்றா அக்கா கிட்ட வந்தா. அவவைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பங்கில் யார் வீட்டில் என்ன உலை கொதிக்கிறது என்று எங்களுக்கு முன்னமே அவவுக்குத் தெரியும்.

"ஜெசி, ஐயாவை அங்க சுப்பர்மார்க்கெற்றில கண்டனான். தட்டோட லைனில நிண்டவர். வீட்டில ஏதும் பிரச்சினையோ பிள்ளை?"

"ஒண்டுமில்லை அக்கா. அவருக்கு விருப்பம், போறார்."

"ஓமோம். இல்லை, ஆக்கள் கதைக்கினம், அதுதான் சொன்னனான். நீ வேலைத்தலத்தில மற்றாக்களின்ர தாய் தேப்பனுக்குத் தீத்திவிடுறாய். சொந்தத் தேப்பன் கடையில வரிசையில நிக்கிறார் எண்டு."

ஊசியை ஏற்றிவிட்டு, அந்த இடத்தைத் தடவியும் விடுகிற ஆள். என் தோளைத் தட்டிவிட்டுப் போனா. அவவைக் குற்றம் சொல்லி என்ன. வாய் அவவுடையது, காது என்னுடையது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே உங்கள் மேல் ஏறி விழுந்தேன்.

"அப்பா, இனி அங்க போகாதேங்கோ."

"ஏன் பிள்ளை?"

"சனம் கதைக்குது. நான் சோறு போடேல்லையாம்."

"அது தருமச் சாப்பாடில்லையே. நான் காசு குடுத்துத்தானே சாப்பிடுறன்."

"எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியாதே. வீட்டில மூண்டு கறி வைச்சிட்டுப் போறன், அதை விட்டிட்டு உப்பில்லாத சூப்பைக் குடிக்கப் பனிக்குள்ள ஓடுறீங்கள். என்ர மானத்தையும் கொஞ்சம் யோசியுங்கோவன்."

மானம் என்ற சொல்லை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை.

"சரி. நாளைக்கு மட்டும் ஒருக்காப் போட்டு வாறன். சொல்லாமல் நிண்டால் சரியில்லை."

"என்னத்தைச் சொல்லப் போறீங்கள்? மகள் மறிக்கிறாள் எண்டோ?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன், பிள்ளை."

மறுநாள் போய் வந்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் போகவில்லை. நீங்கள் ஒரு சொல் கொடுத்தால் அது டிப்போப் பலகையில் எழுதின நேரம் மாதிரி, மாறாது என்று எனக்குத் தெரியும். நான்தான் அதை நம்பி நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

மூன்றரைக் கிழமை. நாள் மாறாமல் சோறும் கறியும் பெட்டியில் போட்டு, எத்தனை நிமிடம் சூடாக்க வேண்டும் என்று மேலே எழுதி ஒட்டி வைப்பேன். வந்து பார்த்தால் பெட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும். சாப்பிட்டீர்களா, கொட்டினீர்களா அப்பா? பின்வளவில் அணில் இரண்டு கொழுத்துத் திரிந்தன. அதையும் கேட்காமல் விட்டேன்.

மாசியில் அந்தப் புதன்கிழமை நான் வர நாலே முக்கால். ஜன்னலடிக் கதிரையில் இருந்தீர்கள். அயன் பண்ணின சேர்ட், கழுத்துப்பட்டி. போகாத நாட்களிலும் நீங்கள் அப்படித்தான் உடுத்தியிருந்தீர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டுப் பெட்டி மைக்ரோவேவுக்குள் சூடாகி, ஆறி, அப்படியே இருந்தது. அந்த மெசின், எடுக்கும் வரைக்கும் நிமிடத்துக்கு ஒருதரம் கத்துகிற சாமான். எவ்வளவு நேரம் கத்தியதோ.

மதியமளவில் போயிருக்கும் என்றார் டாக்டர். இதயம். "ஆராவது பக்கத்தில் இருந்திருந்தால்?" என்று கேட்டேன். "சொல்ல முடியாது மடம்" என்றார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. அந்த நேரம் நான் வேலையில் யாரோ ஒருவருடைய அப்பாவுக்கு உருளைக்கிழங்கு மசியல் தீத்திக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வாய் வேண்டாமென்று தலையை ஆட்டியதும், நான் கெஞ்சியதும் கூட நினைவிருக்கிறது. சுப்பர்மார்க்கெட்டில் அந்த நேரம் முப்பது பேர் இருந்திருப்பார்கள்.

முப்பத்தோராம் நாளைக் குறையில்லாமல் செய்தோம். பூசை, பிறகு மண்டபத்தில் சாப்பாடு. தவக்காலம் என்றபடியால் இறைச்சி இல்லை, மீனும் இறாலும். நினைவு மலர் அச்சடித்தோம். உங்கள் படம் முன்னட்டையில், உள்ளே வாழ்க்கைக் குறிப்பு, கடைசிப் பக்கத்தில் நன்றி. லண்டன் மருமகன், பாரிஸ் பெறாமகள், ரொறொன்ரோவில் இருபது வருடமாக உங்களோடு கதைக்காத மச்சான் வரைக்கும் ஒருவர் பெயரும் விடுபடவில்லை. விடுபட்டால் சண்டை வருமே. இரண்டு குளிராக உங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்களை நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை. அவர்களுடைய பெயரே எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு நீங்கள் செத்ததும் தெரியாது.

பலகையைப் பார்த்த பிறகு ஒரு கிழமை அதை மறந்துவிட்டதாக நடித்தேன். போன செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. காலையில் உங்கள் கோட்டை எடுத்து கோயில் துணிப்பெட்டிக்குப் போடலாம் என்று பையைத் தட்டினேன். மிளகாய்த்தூள் சரை விழுந்தது. கோட்டைத் திரும்பக் கொழுவிவிட்டு, சரையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

எனக்கு அறுபத்தைந்து ஆகவில்லை. காசு வாங்குகிற பெட்டை என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயதைக் கேட்காமலே தட்டைத் தந்தாள். அந்த அளவுக்கு வந்துவிட்டேன் போலும். பட்டாணி சூப். அரைத்த இறைச்சியும் சோளமும் உருளைக்கிழங்கும் அடுக்கிய ஒரு துண்டு. சிறிய பாண். வெறுமையாக இருந்த ஒரு மேசையில் இருந்தேன். சூப்பில் உப்புக் காணாதுதான். சரையைப் பிரித்துக் கொஞ்சம் தூவினேன்.

பக்கத்து மேசையில் ஒரு கிழவியும் ஒரு கறுப்பின ஐயாவும். கிழவி கரண்டியை வைத்துவிட்டு என் கையிலிருந்த சரையையே பார்த்தா. பிறகு எழும்பி வந்தா.

"நீ மிசியே சவரியின் மகள்" என்றா. அவ கேள்வியாகக் கேட்கவில்லை.

அவவின் பெயர் மடம் லுசில். எண்பத்தொரு வயது. மற்றவர் ஹெய்ட்டிக்காரர், மிசியே ஒனோரே. நீங்கள் எனக்குச் சொல்லாத பெயர்கள். அல்லது சொல்லி, நான் சமையலுக்குள் காதில் விழுத்தாத பெயர்கள். இருவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டார்கள். நான் பிரெஞ்சை வேலைத்தலத்தில் பழகியவள். அவ சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவும் அப்படியே.

"உன் அப்பா வந்தால் எங்களுக்குக் கவலையில்லை. ஆருக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று எல்லாம் கொப்பியில் வைத்திருப்பார். 'மடம் லுசில், நாலு நிமிடம்' என்பார். நான் கோட் போட்டுக்கொண்டு போக, பஸ் வரும். இரண்டு குளிராக நான் பஸ் தரிப்பில் நின்று விறைத்ததே இல்லை."

கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினா. உங்கள் எழுத்து. கண் மங்கலானவர்களுக்கென்று பெரிய பெரிய இலக்கங்கள். நாளும் நேரமும், கீழே ஒரு கோடு. ஒனோரேயும் தன் பணப்பையைத் திறந்து தன்னுடைய துண்டைக் காட்டினார்.

பிறகுதான் அவ அதைச் சொன்னா.

"போன குளிரில் வந்து எங்களிடம் விடைபெற்றார். 'மகள் வேலை நேரத்தை மாற்றிவிட்டாள், நான் தனிய மதியம் சாப்பிடக்கூடாதாம், இனி என்னோடு இருந்து சாப்பிடப் போகிறாளாம், அதனால் நான் வர முடியாது' என்றார். எவ்வளவு பெருமை அவருக்கு! நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மகனுக்கு ரெலிபோன் எடுத்து, பார், பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஏசினேன். எப்படி இருக்கிறார்? ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை?"

என்ன பொய் அப்பா அது? எங்கேயிருந்து எடுத்தீர்கள்? மகள் மறித்தாள் என்று சொல்லியிருக்கலாமே. பஸ் ஐந்து நிமிடம் பிந்தினாலும் உள்ளதை உள்ளபடி எழுதுகிற மனிதர், என் மானத்துக்காக முழுப்பொய் ஒன்றை நேரம் பிசகாமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

"இறந்துவிட்டார். மாசியில்" என்றேன்.

ஒனோரே சிலுவை போட்டுக்கொண்டார். மடம் லுசில் என் கையைப் பிடித்தா. குளிர்ந்த கை.

"மதியமா?"

"ஓம்."

"நீ பக்கத்தில் இருந்தாய்தானே?"

"வீ" என்றேன்.

அவ்வளவுதான். ஓம் என்று சொல்லிவிட்டேன். "அப்ப நல்ல சாவு" என்றா அவ. என் கையைத் தடவிக்கொண்டே இருந்தா. "நீ குடுத்துவைத்தவள். அவரும் குடுத்துவைத்தவர்." நான் சூப்பைக் குடித்து முடித்தேன். உறைப்பா, ஆறிவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை.

ஒன்று பத்துக்கு அவ உங்கள் துண்டைப் பார்த்து, நேரமாகிறதென்று எழும்பிப் போனா. நான் காருக்கு வந்து சாவியைப் போட்டுவிட்டு அப்படியே இருந்தேன். எதிரே தரிப்பில் அவ நின்றா. பஸ் வரவில்லை. இந்த வருடம் நேரத்தை மாற்றிவிட்டார்கள் அப்பா, அவவிடம் இருப்பது உங்களுடைய பழைய நேரம். இருபது நிமிடத்துக்கு மேல், முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றா. காரில் ஏற்றிப் போயிருக்கலாம். பஸ் வந்து அவவை ஏற்றிப் போன பிறகுதான் அந்த எண்ணமே எனக்கு வந்தது. இப்போது நான் இப்படித்தான் இருக்கிறேன். எல்லாம் பஸ் போன பிறகு.

அழுதேனா என்று கேட்காதீர்கள். இல்லை. வீட்டுக்கு வந்து உங்கள் கொப்பியைத் திறந்தேன். பக்கம் பக்கமாக அவர்கள். லுசில், ஒனோரே, இன்னும் எனக்குத் தெரியாத ஐந்து பெயர். கடைசி எழுத்து, நீங்கள் விடைபெறப் போன அந்தத் திங்கட்கிழமை: வந்த நேரம், போன நேரம். அதற்குப் பிறகு வெறும் தாள்.

நேற்று அந்த வெறும் தாள்களில் புது நேரங்களை எழுதினேன். பஸ் சாரதியிடம் அட்டவணை வாங்கினேன். உங்களைப் போலப் பெரிய இலக்கங்கள், கீழே ஒரு கோடு. ஏழு துண்டு வெட்டி வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை போவேன் அப்பா. இது நான் உங்களுக்குக் கொடுக்கிற சொல். முதலில் மடம் லுசிலுக்கு உள்ளதைச் சொல்லுவேன். நான் வேலை நேரத்தை மாற்றவில்லை. சனம் கதைத்ததென்று நான்தான் உங்களை மறித்தேன். நீங்கள் தனியத்தான் போனீர்கள். எனக்காக நீங்கள் சொன்ன பொய்க்குள் நான் இருந்து சூப் குடிக்க மாட்டேன். அவ என் கையை விட்டுவிடலாம். தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போகலாம். போனாலும், அந்தத் துண்டைக் கொடுத்துவிட்டு, நாலு நிமிடம் இருக்கும்போது எழும்பிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

மதியம் உங்கள் பக்கத்தில் இருக்காத,
உங்கள் பிள்ளை,
ஜெசி